படையலில் கை வைத்தவர்

இத்தாலியின் கத்தானியாவில் அவர்கள் தங்கிய வீட்டுக்குள் போவது, கழுவாத அடுப்புக்குள் நுழைவது போலிருந்தது. சுவர், படி, வாசல் நிலை எல்லாமே எரிமலைக் கல், கரிக்கட்டையின் நிறம். ஒடுங்கிய தெருவில் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்ற இராஜரட்ணம் அந்த மூன்று மாடியையும் அண்ணாந்து பார்த்தார்.

"இதுக்கோ ரொறன்ரோவிலையிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்தனாங்கள்?"

"இருநூறு முந்நூறு வருசத்து வீடு, அத்தான்," என்றாள் ரதி.

"தெரியுது. கட்டின நாளிலையிருந்து ஒருத்தரும் கூட்டேல்லைப் போலை."

"உங்களுக்கு உலகத்திலை எதுதான் பிடிச்சது?"

பிடித்தது ஒன்று இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

ரதி அவருடைய மனைவி தவமணியின் தங்கை. அக்காவும் தங்கையுமாகப் பேர் கொடுத்து வைத்திருந்த பயணம் இது. தவமணிக்கு ஒரு எரிமலையைப் பார்த்துவிட வேண்டுமென்று ஆசை. "நெருப்புப் பாக்கிறதெண்டால் அடுப்பைப் பத்தவைச்சுப் பாரன்" என்று முப்பத்தெட்டு வருடம் அந்த ஆசையை நக்கலடித்தே கழித்தவர் இராஜரட்ணம். போன மார்கழியில் அவள் ஒரு காய்ச்சலோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். வருசம் நிறையும் ஆட்டைத் திவசம் முடியமுதல் கடல் தாண்டக் கூடாது என்று கோயில் சனம் சொன்னது. அவர்கள் சொன்ன ஒரே காரணத்துக்காகவே, தவமணியின் இடத்தில் தான் வருவதாக அவர் அறிவித்தார்.

வந்த நாளிலிருந்து எதையும் மதிக்கவில்லை. நகரத்துச் சதுக்கத்தில் கருங்கல் யானை ஒன்று நின்றது. ரதி அதன் முன்னால் அவளையறியாமல் நெஞ்சில் கை வைத்தாள். "பிள்ளையாருக்கு இஞ்சையும் கிளை திறந்திட்டினமோ?" என்றார். எட்னா மலை தூரத்தில் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டிருந்தது. வேலைவெட்டி இல்லாதவன் சந்தியில் நின்று பீடி குடிக்கிறான் என்றார். இரண்டாம் நாள் சாம்பல் பெய்தது. மழையுமில்லை, தூசியுமில்லை, அரைத்த மிளகு போன்ற கறுப்புக் குறுணி, சத்தமில்லாமல் குடைகளிலும் மாடங்களிலும் இறங்கியது. ஊர்ச்சனம் முணுமுணுக்காமல் தும்புத்தடியோடு வெளியே வந்து கூட்டியது.

"நெருப்புக்குக் கீழை வீடு கட்டிப்போட்டு, சாம்பல் கூட்டிக்கொண்டிருக்கிற மூளை," என்றார்.

ஆனால் ஒவ்வோர் இரவும் பத்து மணிக்கு அவருடைய வாய் அடங்கிவிடும். அறையில் கட்டிலில் இருந்தபடி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இங்கே பத்து என்றால் ரொறன்ரோவில், அவருடைய ரெக்ஸ்டேல் வீட்டில், பின்னேரம் நாலு.

நாலு மணிக்குத்தான் அவள் வருவாள்.

பேயென்றும் ஆவியென்றும் கதைப்பவர்களை முகத்துக்கு நேரே சிரித்து அனுப்புகிற மனிதர், தவமணி செத்த முப்பத்தோராம் நாள் முடிந்த மறுநாளிலிருந்து, பின்னேரம் நாலு மணிக்குத் தன் அடுப்படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். யன்னலோரம் அவளுடைய கதிரை. நாலு அடித்துக் கொஞ்ச நேரத்தில், யாரோ வந்து உட்கார்ந்ததுபோல, அதன் மரம் மெல்ல நெரியும். பிறகு முழங்காலுக்கு அவள் பூசும் தைலத்தின் வாசம் வரும். கால் மணித்தியாலம் இருக்கும். போய்விடும். அவர் ஒன்றும் பேசமாட்டார். உயிரோடிருந்தபோதும் பின்னேரத் தேத்தண்ணியை இருவரும் பேசாமல்தான் குடித்தார்கள். அந்தக் கால் மணித்தியாலத்துக்காகத்தான் மிச்ச இருபத்துமூன்றே முக்கால் மணித்தியாலத்தையும் அவர் பொறுத்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் இரண்டாம் திகதி காலை. கிறிஸ்தவர்கள் செத்தவர்களை நினைக்கும் நாள் என்று ரதி முதல்நாளே சொல்லியிருந்தாள். இராஜரட்ணத்துக்கு ஆறரைக்கே விழிப்பு வந்துவிட்டது. காலைச் சாப்பாடு ஒன்பதுக்குத்தான். வயிறு சுரண்டியது. கதவைத் திறந்துகொண்டு நடைபாதைக்கு வந்தார்.

அதன் கோடியில் ஒரு சின்ன மேசை. வெள்ளைத் துணி. ஒரு தட்டில் பாண் ரொட்டி, உலர்ந்த அத்திப்பழம், பாதாம் பலகாரம். ஒரு கிளாஸ் வைன். மேசைக்கு முன்னால் ஒரு கதிரை, யாரோ வந்து உட்கார வசதியாகச் சற்றே பின்னுக்கு இழுத்து வைத்திருந்தது.

பார்த்தவுடனே அவருக்கு விளங்கிவிட்டது. படையல்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் அதே பைத்தியம். ஊரில் என்ன செய்வார்கள்? செத்தவருக்கென்று படைப்பார்கள், கதவைச் சாத்துவார்கள், கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து வீட்டுக்காரரே அதை எடுத்துச் சாப்பிடுவார்கள். செத்தவரின் பெயரைச் சொல்லி இருக்கிறவர்கள் வயிறு வளர்ப்பது. விடியும்வரை வைத்தாயிற்று, இனி என்ன. அவர் கதிரையில் இருந்து, பாணைப் பிய்த்து, அத்திப்பழத்தோடு சேர்த்துச் சாப்பிட்டார். பலகாரத்தையும் முடித்தார். வைனை மட்டும் மணந்து பார்த்துவிட்டு வைத்தார்.

நிமிர்ந்தபோது வீட்டுக்காரி கார்மேலா படியில் நின்றாள். எண்பது வயதிருக்கும். அவள் ஏசவில்லை. வெறும் தட்டைக் காட்டி, கையிலிருந்த போனுக்குள் ஏதோ சொன்னாள். அது அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னது.

"இவர் உங்களுடைய ஆளா?"

"ஓம் ஓம்," என்றார் இராஜரட்ணம், செத்தவரைத்தான் கேட்கிறாள் என்று விளங்கி, நக்கலாக, வாயைத் துடைத்தபடி. ஆங்கிலத்திலும் சொன்னார். "நெருங்கின சொந்தம்."

கிழவி அந்தப் பதிலைப் போனில் கேட்டாள். அவளுடைய தோள்கள் மெல்லத் தளர்ந்தன. நீண்ட தூரம் சுமந்த வாளியை இறக்கி வைத்தவள் போல அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு வந்து, வெறும் தட்டை எடுத்தாள், துணியை மடித்தாள், மேசையைச் சுவரோடு தள்ளினாள். கதிரையைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள்.

போகும்போது பாடிக்கொண்டு போனாள்.

*

ரெக்ஸ்டேல் வீட்டுக்கு வந்த முதல் நாள், நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே இராஜரட்ணம் அடுப்படியில் இருந்தார். வெளியே வானம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. நாலு அடித்தது.

கதிரை நெரிந்தது.

மெல்ல அல்ல. பாரமான ஒருவர் களைத்துப்போய்ப் பொத்தென்று இருந்ததுபோல.

வாசம் வந்தது. தைலம் இல்லை. அணைத்த நெருப்புக்குச்சியின் வாசம், அதற்கடியில் சுட்ட கல்லின் வாசம். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். கால் மணித்தியாலம் போனது. அரை மணித்தியாலம் போனது. வாசம் போகவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தார். கதிரையின் இருக்கையில் அரைத்த மிளகு போல ஒரு சிட்டிகை கறுப்புக் குறுணி.

சப்பாத்தில் ஒட்டி வந்திருக்கும் என்று துடைத்தார். மறுநாள் ஒரு கைப்பிடி இருந்தது. அதற்கு மறுநாள், கதிரைக்குக் கீழே, இரண்டு பாதங்கள் ஊன்றும் இடத்தில் இரண்டு சின்னக் குவியல். அவர் கூட்டினார். கத்தானியாச் சனத்தைப்போல, முணுமுணுக்காமல், ஒவ்வொரு நாளும் கூட்டினார்.

தவமணி வரவேயில்லை.

இருபது நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ரதியிடம் கார்மேலாவின் இலக்கம் வாங்கினார்.

"என்னத்துக்கு? ஏதும் விட்டிட்டு வந்திட்டியளோ?"

"விட்டிட்டு வரேல்லை," என்றார்.

போனில் கிழவியின் குரல் தெளிவாக இருந்தது. யாரோ பேத்தி பக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தத் தட்டுக்குரியவர் யாரென்று பாட்டிக்கும் தெரியாதாம். பெயர் தெரியாது, எந்தக் காலம் என்றும் தெரியாது. மலை ஒருமுறை பொங்கிய அன்று அந்த வீட்டுக் கதவைத் தட்டியவராம்; யாரும் திறக்கவில்லையாம். பாட்டியின் மாமியார் அவருக்குத் தட்டு வைத்தாளாம். புதுமணப்பெண்ணாக வந்த பாட்டி, பசியில், தெரியாமல் அந்தத் தட்டிலிருந்து ஒரு அத்திப்பழம் எடுத்தாளாம்.

"எப்பிடித் திருப்பி அனுப்புறது எண்டு கேளும்."

பேத்தி கேட்டாள். பிறகு பதில் வந்தது.

"அவருடைய தட்டில் யார் கை வைக்கிறாரோ, அவரோடு போவார். வேறு வழி தெரியாது என்கிறாள். அறுபது வருடம் யாராவது கை வைப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். விருந்தாளிகள் எல்லாருக்கும் அது என்ன என்று தெரிந்திருந்ததாம், ஒருவரும் தொடவில்லையாம்." பேத்தி தயங்கினாள். "உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்கிறாள்."

*

ஆட்டைத் திவசத்துக்கு மகள் நிலாணி ஒஷாவாவிலிருந்து விடியவே வந்துவிட்டாள். காரை வாசலில் விட்டு, வாழையிலையும் மரக்கறியுமாக உள்ளே வந்தாள். முதல்நாள் பெய்த பனி வாசலில் அப்படியே கிடந்தது. ரதி ஏற்கெனவே உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பெண்களுக்கும் இராஜரட்ணத்தைப் பார்க்க ஆச்சரியம். முப்பத்தொன்றில் "ஐயருக்கு நல்ல பிழைப்பு" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் வாசித்த மனிதர், இன்று தோய்ந்து, வேட்டி கட்டி, கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

"கத்தரிக்காய்க் குழம்பு வைச்சாச்சோ? அவளுக்குப் பால் விட்டால்தான் பிடிக்கும்."

"வைச்சாச்சு, அத்தான்."

"பயத்தம் பணியாரம்?"

"அதுவும்தான். என்ன, அக்கா நேரை வரப்போறா எண்ட மாதிரி நிக்கிறியள்?"

அவர் அடுத்த கறிவேப்பிலைக் கொத்தை எடுத்தார். பிறகு, "படையலை அடுப்படியிலை வையுங்கோ," என்றார்.

"படத்துக்கு முன்னாலைதானே வைக்கிறது?"

"அடுப்படியிலை. அவளின்ரை யன்னலடியிலை."

அவருடைய கணக்கு எளிது. அந்நியனுக்கு அத்திப்பழமும் பாணும்தான் தெரியும். தவமணிக்குப் பிடித்த சாப்பாட்டை அவளுடைய இடத்தில் வைத்தால், அவள் தன் உரிமையை எடுத்துக்கொள்வாள். மற்றது தானாக எழும்பிப் போகும். ஒரு காலத்தில் இப்படி யோசிப்பவர்களைப் பார்த்து அவர் எப்படிச் சிரித்திருப்பார் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

கதிரையைத் தூக்கிச் சுவரோரம் தள்ளி வைத்தார். நிலத்தில் தலைவாழையிலை போட்டார்கள். சோறு, ஏழு கறி, வடை, பணியாரம், ஒரு செம்பில் தண்ணீர். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, மூவரும் வெளியே வந்து அடுப்படிக் கதவைச் சாத்தினார்கள். செத்தவர் வந்து சாப்பிடும் நேரம். இருக்கிறவர்கள் பார்க்கக் கூடாது.

வரவேற்பறையில் போய் இருந்தார்கள். மத்தியானம்தான், ஆனாலும் யன்னலில் வெளிச்சம் கம்மியாக இருந்தது.

உள்ளே ஏதோ அசைந்தது.

மரக்கால் ஒன்று ஓட்டுத் தரையில் இழுபடும் சத்தம். நீளமாக. அவசரமில்லாமல்.

ரதி அவருடைய முகத்தைப் பார்த்தாள். நிலாணி, "பூனை ஏதும் வந்திருக்குமோ?" என்றாள்.

அப்போதுதான் வாசல் கதவில் தட்டு விழுந்தது. விரலால் தட்டுவது அல்ல. மோதிரத்தால், கண்ணாடியில், இரண்டு தரம், தவமணி தட்டுவதுபோல.

இராஜரட்ணம் எழுந்த வேகத்தில் வேட்டி தடுக்கியது. கதவைத் திறந்தார். பனி. வாசற்படியில் ஒரு கால் தடமும் இல்லை. ஆனால் தைலத்தின் வாசம் முகத்தில் அடித்தது. இப்போதுதான் முழங்காலில் பூசித் தேய்த்ததுபோல, சூடாக.

"வா," என்றார். அவருடைய குரலே அவருக்குப் பிடிபடவில்லை. "உள்ளை வா, தவம்."

வாசம் படியிலேயே நின்றது.

பின்னால், சாத்திய கதவுக்குள், ஒரு ஆண் தொண்டையைச் செருமினான்.

தவமணியின் பழக்கம் ஒன்று இருந்தது. வீட்டில் முகம் தெரியாத ஆம்பிளை இருந்தால் அவள் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டாள். குழாய் திருத்த வந்தவனாக இருந்தாலும் சரி, அவன் வேலை முடித்துப் போகும்வரை காருக்குள்ளேயே இருந்துவிடுவாள்.

வாசம் படியிலிருந்து இறங்கியது. அவர் அப்படியே பிடித்து நிறுத்திவிடலாம் என்பதுபோல வெறும் காலோடு பனிக்குள் ஒரு அடி வைத்தார். இல்லை. போய்விட்டது.

"அப்பா, குளிருக்கை என்ன செய்யிறியள்?" நிலாணி அவருடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

ரதி அடுப்படிக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போகாமல் நின்றாள்.

"அத்தான்," என்றாள் மெதுவாக. "கதிரையை ஆர் இதிலை இழுத்து வைச்சது?"

சுவரோரம் இருந்த கதிரை இலைக்கு முன்னால் இருந்தது. நிலத்தில் சம்மணமிட்டு இருக்கத் தெரியாத ஒருவர் இழுத்துப் போட்டுக்கொண்டதுபோல. அதன் கீழே இரண்டு கறுப்புக் குவியல். இலையில் ஒரு பருக்கை குறையவில்லை. ஆனால் சோறு சாம்பல் நிறத்தில் இருந்தது. குழம்பில் ஆவியும் இல்லை, மணமும் இல்லை.

"அப்பாதான் முன்னமே வைச்சிருப்பார்," என்றாள் நிலாணி. அவள் குனிந்து, சின்ன வயதிலிருந்து செய்துவந்ததைச் செய்யப் போனாள். படையலிலிருந்து முதல் வாய். கை வடைக்கு நீண்டது.

இராஜரட்ணம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த இலை இப்போது அந்த அந்நியனின் தட்டு. ஒரு வடை. அதை அவள் கடித்தால் போதும். அவன் அவளோடு ஒஷாவாவுக்குப் போய்விடுவான். இந்தக் கதிரை காலியாகும். வெளியே நிற்கிறவள் நாளைக்கு நாலு மணிக்கு உள்ளே வருவாள். அவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பேசாமல் இருந்தால் போதும். பேசாமலிருக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

ஒரு மூச்சு நேரம் அவர் பேசாமலிருந்தார். அந்த ஒரு மூச்சுக்காக, வாழ்நாளில் யாரையும் வெறுக்காத அளவுக்குத் தன்னை வெறுத்தார்.

பிறகு மகளின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடு. தொடாதை."

"ஏனப்பா?"

"நான் சாப்பிடுறன்."

"எல்லாருமாத்தானே..."

"நான் சாப்பிடுறன் எண்டு சொன்னனான்."

அவர் நிலத்தில் இருந்தார். கதிரையின் கால்கள் அவருடைய தோளில் முட்டின. சோற்றைக் குழைத்தார். வாயில் வைத்தார். உப்பில்லை, உறைப்பில்லை, அணைந்த அடுப்பை நக்குவது போலிருந்தது. விழுங்கினார். அடுத்த கவளம். வடை ஒவ்வொன்றாக. பணியாரம் ஒவ்வொன்றாக. தலைக்கு மேலே யாரோ மூச்சுவிடுவது உச்சந்தலையில் சுட்டது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அத்தானுக்கு விசர் பிடிச்சிட்டுது," என்றாள் ரதி. அழுதாள்.

"ஓம்," என்றார் வாய் நிறைய. "நீயும் சட்டிக்கை மிச்சம் இருக்கிறதைக் கட்டிக்கொண்டு போகாதை. எல்லாத்தையும் குப்பையிலை கொட்டு."

கடைசிப் பருக்கையையும் வழித்தார். இலையை மடித்தார். பெண்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, சொல்லாமல் வெளிக்கிட்டார்கள். ரதியை வழியில் இறக்கிவிடுவதாக நிலாணி கூட்டிக்கொண்டு போனாள். கார் புறப்படும் சத்தம் கேட்டது.

இராஜரட்ணம் கையைக் கழுவிவிட்டு வந்து கதிரைக்கு எதிரே இருந்தார்.

"இரு," என்றார் அதைப் பார்த்து. "உனக்கு இஞ்சை வைனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒவ்வொரு நாளும் புட்டுத்தான். பிடிச்சால் தின். பெத்த பிள்ளையளுக்குச் செய்யாத உபசாரத்தை உனக்குச் செய்வன் எண்டு நினையாதை."

கதிரை நெரிந்தது. வசதியாகச் சாய்ந்துகொண்டதுபோல.

*

மறுநாள் பின்னேரம் நிலாணி போன் எடுத்தாள். கோபம் தணிந்திருந்தது. குரலில் வேறொன்று இருந்தது.

"அப்பா, ஒண்டு சொல்லுவன், சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"நேற்றுக் கார் முழுக்க அம்மாவின்ரை தைல வாசம். சித்தியும் சொன்னவ. நான் சும்மா நினைப்பு எண்டுதான் இருந்தனான். இப்ப வீட்டுக்கையும் இருக்கு. நாலு மணிக்குக் கிச்சினுக்கை போனன், எங்கடை யன்னல் கதிரையடியிலை..." அவள் நிறுத்தினாள். "எனக்குப் பயமில்லை, அப்பா. எனக்குச் சந்தோசமா இருக்கு."

இராஜரட்ணம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா? கேக்குதோ?"

"கேக்குது. அந்தக் கதிரையை இடம் மாத்தாதை. நாலு மணிக்கு ஒரு தேத்தண்ணி வைச்சிட்டு, பேசாமல் இரு. அவளுக்குச் சத்தம் பிடிக்காது."

"நீங்களும் வாங்கோவன். பனி முடியுமட்டும் எங்களோடை இருங்கோ. நான் இப்பவே வந்து ஏத்துறன்."

அவர் வாயைத் திறந்தார். ஓம் என்ற சொல் நுனி நாக்கில் நின்றது. ஒரு மணித்தியாலப் பயணம். பிறகு அந்த வாசம், அந்தக் கால் மணித்தியாலம், ஒவ்வொரு நாளும். ஆனால் அவர் போனால் அவனும் கூடவே வருவான்.

"நான் வரமாட்டன்," என்றார். "நீயும் இஞ்சை வராதை. கதைக்கிறதெண்டால் போனிலை கதைப்பம்."

"என்ன கதையப்பா இது? தனிய இருந்து என்ன செய்யப்போறியள்?"

அவர் பதில் சொல்லமுதல் நிலாணியே கேட்டாள்.

"ஆரப்பா பக்கத்திலை?"

"ஒருத்தரும் இல்லை."

"ஆரோ சிரிக்கினம்."

இராஜரட்ணம் காது கொடுத்தார். வீடு நிசப்தமாக இருந்தது. யன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. எதிரே கதிரை வெறுமையாக இருந்தது.

"ரீவி," என்றார்.

"நிப்பாட்டுங்கோ. அது ஒரு மாதிரிக் கேவலமாச் சிரிக்குது."

"நிப்பாட்டிட்டன்."

மறுமுனையில் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது அவருக்குத் தெரிந்தது. அவரும் கேட்டார். எவ்வளவு கேட்டும் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"இல்லையப்பா," என்றாள் நிலாணி, மிக மெதுவாக. "இன்னும் சிரிக்குது."